மூன்று துறை, மூன்று எண்: தரவு ஆளுகை என்பது தரவு மேலாண்மைக்கு வைத்த புதுப்பெயரா?

#1 வெற்றுப்புலம்

ஆறு வருடமாகத் தரவுக் குழுவில் இருக்கிறேன். டேபிள்களை வடிவமைப்பது, இரவில் ஓடும் வேலைகளைக் கவனிப்பது, பேக்கப் எடுப்பது, அனுமதி கொடுப்பது, குப்பைப் பதிவுகளைத் துப்புரவு செய்வது, எல்லாம் எங்கள் தலையில்தான்.

போன மாதம் மேலிடக் கூட்டத்தில் ஒரு கூத்து நடந்தது. "நடப்பு வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்?" என்ற ஒரே கேள்விக்கு விற்பனைத் துறை ஒரு எண்ணைக் காட்டியது, நிதித் துறை வேறொன்றைக் காட்டியது, உதவி மையம் மூன்றாவதாக ஒன்றை வைத்துக்கொண்டு நின்றது. "இதில் எது சரி?" என்று தலைவர் கேட்டார். மூன்று துறைத் தலைவர்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

இரண்டு நாள் தோண்டிப் பார்த்தேன். மூன்றுமே சரி. விற்பனைக்காரர்கள் கடந்த 12 மாதத்தில் ஏதாவது வாங்கியவர்களை எண்ணுகிறார்கள். நிதித் துறை அந்தக் காலாண்டில் பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணுகிறது. உதவி மையம் 90 நாளுக்குள் ஒரு முறையாவது உள்நுழைந்தவர்களை எண்ணுகிறது. தரவுத்தளத்திடம் இந்தக் கணக்கைக் கேட்கும் எந்த வினவலிலும் பிழை இல்லை. இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது: "நமக்கு தரவு ஆளுகை தேவை. எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று பட்டியலிடும் தரவு அட்டவணை மென்பொருள் ஒன்றை வாங்கியாகிவிட்டது. நீங்கள் பொறுப்பெடுத்து நடத்துங்கள்."

என் கேள்வி இதுதான். இத்தனை வருடம் நான் செய்தது தரவு ஆளுகை இல்லையா? தரப் பரிசோதனையும் அனுமதியும் பாதுகாப்பும் நான்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்? இரண்டும் ஒன்றுதானா, இல்லை உண்மையிலேயே வேறா?

#2 பழைய_சர்வர்

பழைய பாட்டிலுக்குப் புது லேபிள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதைத் "தரவு நிர்வாகம்" என்றார்கள். தரவுத்தள நிர்வாகி ஒருவர், தரவு நிர்வாகி ஒருவர் என்று இரண்டு நாற்காலிகள் இருந்தன. இப்போது அதற்கு ஒரு மென்பொருளும் ஒரு ஆலோசகரும் சேர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

#3 ஆந்தை

பழைய_சர்வர் தன்னை அறியாமலேயே பாதி பதிலைச் சொல்லிவிட்டார். அந்த இரண்டு நாற்காலிகள் ஏன் இருந்தன? ஒருவர் தரவுத்தளத்தை ஓட்டினார். "வாடிக்கையாளர் என்றால் யார்" என்பதைத் துறைகளோடு பேசி முடிவுக்குக் கொண்டுவருவது மற்றவரின் வேலை. இரண்டாவது நாற்காலி பல இடங்களில் காணாமல் போனது, அந்த வேலையும் யாரிடமும் இல்லாமல் போனது.

வெற்றுப்புலம், உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். மூன்று வினவலும் சரி என்றீர்கள். அப்படியானால் மேலாண்மையில் குறையே இல்லை. தரவு சரியாகச் சேர்ந்திருக்கிறது, சரியாகக் கணக்காகியிருக்கிறது, நேரத்துக்கு வந்திருக்கிறது. ஆனாலும் தலைவரின் கேள்விக்குப் பதில் இல்லை. ஏன் என்றால், "எது சரி" என்பதை எந்த டேபிளிலும் தேடி எடுக்க முடியாது. அதை ஒருவர் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பது உங்கள் நிறுவனத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் ஆளுகை.

இதைப் பற்றி 2010-ல் விஜய் கத்ரியும் கேரல் பிரவுனும் கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் என்ற கணினித் துறை இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் பிரித்துக் காட்டிய விதம் எனக்குப் பிடிக்கும். எந்தெந்த முடிவுகளை எடுக்க வேண்டும், அதை எடுக்கும் உரிமை யாருக்கு, பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது ஆளுகை. அந்த முடிவுகளை எடுத்து நிறைவேற்றுவது மேலாண்மை. முடிவு எடுக்கவேண்டிய களங்கள் என்று ஐந்தைச் சொன்னார்கள்: தரவுக் கொள்கைகள், தரவின் தரம், மேல்தரவு (தரவைப் பற்றிய தரவு), அணுக்கம் (யார் எதைப் பார்க்கலாம்), வாழ்நாள் சுழற்சி (உருவாவது முதல் அழிப்பது வரை). இதில் "தரம்" என்பதை மட்டும் பாருங்கள். மின்னஞ்சல் முகவரி காலியாக உள்ள பதிவுகளைத் தேடிப் பிடிப்பது நீங்கள். நூற்றுக்கு எத்தனை காலியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்வது யார்? அதையும் இதுவரை நீங்களே சொல்லிக்கொண்டிருந்தால், ஆளுகையையும் கேட்பாரில்லாமல் நீங்களே செய்திருக்கிறீர்கள்.

தரவு மேலாண்மைத் தொழிலாளர்களின் சர்வதேசச் சங்கமான டாமாவின் தரவு மேலாண்மைக் கையேட்டில் (இரண்டாம் பதிப்பு, 2017) ஒரு சக்கரப் படம் உண்டு. மொத்தம் 11 அறிவுத் துறைகள். கட்டமைப்பு, மாதிரியாக்கம், சேமிப்பு, பாதுகாப்பு, ஒருங்கிணைப்பு, தரம் எல்லாம் சுற்றி இருக்க, நடுவில் சக்கரத்தின் குடமாக இருப்பது ஆளுகை. அவர்கள் பார்வையில் ஆளுகையும் மேலாண்மை என்ற பெரிய குடைக்குள்தான் வருகிறது, ஆனால் மற்ற எல்லாவற்றின் மீதும் அதிகாரம் செலுத்துகிறது. கோபிட் 2019 என்ற வழிகாட்டுச் சட்டகம் ஆளுகைக்கும் மேலாண்மைக்கும் நடுவில் இன்னும் அழுத்தமாகக் கோடு போடுகிறது. அது தரவுக்கு மட்டுமானது அல்ல, மொத்தத் தகவல் தொழில்நுட்பத்துக்கும். அதில் உள்ள 40 நோக்கங்களில் ஆளுகைக்கு 5, மேலாண்மைக்கு 35. மதிப்பிடு, திசைகாட்டு, கண்காணி என்பவை ஆளுகையின் வினைகள். திட்டமிடு, கட்டு, ஓட்டு எல்லாம் மேலாண்மையின் வினைகள்.

எண்ணிக்கையைக் கவனியுங்கள், 5-க்கு 35. ஆளுகை அளவில் சிறியது. பெரிதாகிவிட்டது என்றால் யாரோ வழிதவறுகிறார்கள்.

#4 பழைய_சர்வர்

சரி, ஒப்புக்கொள்கிறேன், பாதி. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? ஒரு குழு போடுகிறார்கள். குழு ஒரு கொள்கை ஆவணம் எழுதுகிறது. ஆவணம் பகிர்வு அடைவில் தூங்குகிறது. கீழே எழுதுகிறவன் எப்போதும் எழுதியபடியே வினவல் எழுதுகிறான்.

#5 கணக்குப்பிள்ளை

நான் தரவுக்காரன் இல்லை, கணக்கியல் பக்கம். எங்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு விற்பனையை எந்தத் தேதியில் வருமானமாகப் பதிவது? பொருள் கைமாறும்போதா, பணம் வந்ததுமா, ஒப்பந்தம் கையெழுத்தானதுமா? பதிவேட்டில் எழுதுகிற எழுத்தர் இதைத் தீர்மானிப்பதில்லை. அதற்குச் சர்வதேசத் தரநிலை இருக்கிறது (ஐஎஃப்ஆர்எஸ் 15, 2018 ஜனவரி முதல் அமல்). அதற்குக் கீழே நிறுவனத்தின் கணக்குக் கொள்கை இருக்கிறது. அந்தக் கொள்கைக்கு இயக்குநர் குழு கையெழுத்துப் போடுகிறது. எழுத்தர் அதன்படி எழுதுகிறார். எழுதியது கொள்கைப்படிதானா என்று தணிக்கையாளர் வெளியிலிருந்து வந்து பார்க்கிறார். விதி வகுக்கிறவர், எழுதுகிறவர், சரிபார்க்கிறவர் என்று மூன்று பேர். ஒரே ஆள் மூன்றையும் செய்தால் எங்கள் தொழிலில் அதற்கு வேறு பெயர்.

வெற்றுப்புலத்தின் நிலைமை, எழுத்தரைக் கூப்பிட்டு "நீயே வருமானக் கொள்கையையும் எழுதிவிடு" என்று சொன்னது போல இருக்கிறது.

இன்னொன்று. வங்கிகளுக்கு இந்தப் பாடம் நிறையச் செலவில் வந்தது. 2008 நெருக்கடியின்போது பல பெரிய வங்கிகளால் தங்களுக்கு யார் யாரிடம் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதைச் சட்டென்று கூட்டிச் சொல்ல முடியவில்லை. அத்தனை தரவும் வங்கிக்குள்ளேயே இருந்தது, ஆனால் ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு விதமாக வைத்திருந்தது. அதன் பிறகு, வங்கி மேற்பார்வைக்கான சர்வதேச அமைப்பான பாசல் குழு 2013 ஜனவரியில் ஆபத்துத் தரவைத் திரட்டுவதற்கென்றே 14 கொள்கைகளை வெளியிட்டது. அதில் 11 வங்கிகளுக்கு, 3 மேற்பார்வையாளர்களுக்கு. முதல் கொள்கையே ஆளுகைதான், தொழில்நுட்பக் கட்டமைப்பு இரண்டாவதாகத்தான் வருகிறது. வரிசை தற்செயலாக அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

#6 தூண்டில்

குறுக்கே ஒரு சந்தேகம். "ஆளுகை" என்ற சொல்லே எனக்கு ஒட்டவில்லை. அரசு வழக்கில் மின் ஆளுமை என்கிறார்கள். அப்படியானால் இது "தரவு ஆளுமை" ஆகுமே? கேட்டால் தரவுக்கு நல்ல குணநலன் இருப்பது போலத் தோன்றுகிறது :)

#7 ஆந்தை

அதனால்தான் நான் ஆளுகை என்று எழுதுகிறேன். ஆளுமை என்றால் இப்போது பெரும்பாலோருக்கு ஒரு மனிதரின் தன்மைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் உண்மையான சிக்கல் வேறொரு சொல்லில் இருக்கிறது: நிர்வாகம். தமிழில் முதலாளி செய்வதும் நிர்வாகம், மேலாளர் செய்வதும் நிர்வாகம், சர்வரைப் பார்த்துக்கொள்வதும் நிர்வாகம். "நிர்வாகம் முடிவு செய்யும்" என்றும் சொல்கிறோம், "நிர்வாகச் செலவு" என்றும் சொல்கிறோம். ஆள்வதும் நடத்துவதும் ஒரே சொல்லுக்குள் ஒடுங்கிவிட்டதால், வெற்றுப்புலம் கேட்ட கேள்வி நமக்கெல்லாம் இயல்பாகவே எழுகிறது. "ஆள்", "நடத்து" என்ற இரண்டு வினைகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

#8 மூன்றாம்_நிரல்

எடுத்துக்காட்டு இல்லாமல் பேசினால் எனக்கு ஏறாது. ஒன்று வைக்கிறேன், இது ஆளுகைப் பிழையா மேலாண்மைப் பிழையா என்று சொல்லுங்கள்.

2020 செப்டம்பர் 25-க்கும் அக்டோபர் 2-க்கும் இடையில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் சேராமல் விடுபட்டன. பரிசோதனை முடிவுகள் வந்த கோப்புகளைப் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவ எக்செல்லில் ஏற்றியது. அந்த வடிவம் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. ஒரு பரிசோதனைக்கே பல வரிசைகள் பிடித்தன. எல்லையைத் தாண்டியவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. தொற்று வந்தவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது, ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை அத்தனை நாள் தள்ளிப்போனது.

#9 பழைய_சர்வர்

சுத்தமான மேலாண்மைப் பிழை. அனுப்பிய வரிசை எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை என்று ஒப்பிடும் ஒரே ஒரு வரி நிரல் இருந்தால் அன்று மாலையே மாட்டியிருக்கும். இதற்கு எதற்குக் கொள்கை, குழு எல்லாம்?

#10 ஆந்தை

அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டது மேலாண்மை, சரி. ஆனால் அந்த வரியைக் கட்டாயமாக்கியிருக்க வேண்டியது எது? ஒரு அமைப்பிலிருந்து இன்னொரு அமைப்புக்கு முக்கியமான தரவு கைமாறும்போது, அனுப்புகிறவர் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், பெறுகிறவர் ஒப்பிட வேண்டும், பொருந்தாவிட்டால் இன்னாருக்குத் தகவல் போக வேண்டும் என்று ஒரு உடன்பாடு வேண்டும். அதை எந்த நிரலாளரும் தனியாக முடிவு செய்ய முடியாது, இரண்டு அமைப்புகளும் சம்மதிக்க வேண்டிய விஷயம். தரவு ஒரு நிறுவனத்தைத் தாண்டி இன்னொன்றுக்குப் போகும்போது ஆளுகையின் தேவை இன்னும் பளிச்சென்று தெரியும்.

#11 பழைய_சர்வர்

நல்லது. அப்படியானால் நானும் ஒன்று வைக்கிறேன். 1998 டிசம்பரில் செவ்வாய்க்கு நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். 1999 செப்டம்பர் 23 அன்று கோளை நெருங்கும்போது தொலைந்தது. உந்துவிசைக் கணக்கைத் தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள் பவுண்டு-விநாடியில் கொடுத்தது, வாங்கிய பக்கம் அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம்.

இப்போது கேளுங்கள். எந்த அலகில் தர வேண்டும் என்பது இடைமுக ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்தது. மெட்ரிக்தான். விதி இருந்தது, ஆவணம் இருந்தது, அங்கீகாரம் இருந்தது. ஆளுகையின் அத்தனை காகிதமும் கையில் இருந்தும் கலம் போனது. என்ன சொல்கிறீர்கள்?

#12 ஆந்தை

இதற்கு நான் தலைவணங்குகிறேன், நிஜமாகவே நல்ல அடி.

நான் இதுவரை பேசியது "யார் முடிவு செய்வது" என்பதைப் பற்றி மட்டும். அது போதாது என்று இந்தக் கதை காட்டுகிறது. விதி எழுதியாகிவிட்டது, ஆனால் வருகிற கோப்பு விதிப்படி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மேலே கோபிட் பற்றிச் சொன்னபோது "கண்காணி" என்ற சொல்லை வேகமாகக் கடந்துவிட்டேன், அங்கேதான் இது விழுகிறது.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. பாதையில் ஏதோ பொருந்தவில்லை என்று வழிகாட்டும் குழுவினருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் அது முறைப்படியான புகார் வழியில் ஏறவில்லை, பேச்சிலும் மெயிலிலும் சுற்றிக்கொண்டிருந்தது என்று விசாரணைக் குழு குறித்தது. ஆக, முடிவு செய்ய ஒருவர், அது நடக்கிறதா என்று பார்க்க ஒருவர், "இது தப்பாக இருக்கிறதே" என்று கீழே இருப்பவர் சொன்னால் அது ஏறி வர ஒரு வழி. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் வெறும் காகிதம்தான். பழைய_சர்வர் #4-ல் சொன்னதும் இதுதான்.

#13 ஆய்வகத்து_எலி

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் உயிரியல் பக்கத்திலிருந்து ஒரு கதை, இது நல்லபடியாக முடிந்தது.

மனித மரபணுக்களில் செப்ட்1, மார்ச்1 என்று சுருக்கப் பெயர் கொண்டவை இருந்தன. எக்செல்லில் தட்டினால் அது "செப்டம்பர் 1", "மார்ச் 1" என்று தேதியாக்கிவிடும். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் 2016-ல் வந்த ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியலோடு வெளிவந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருப்பதைக் காட்டியது.

நாங்கள் எல்லோரும் பல வருடம் இதை மேலாண்மை வழியில்தான் சமாளித்தோம். கட்டங்களை முதலில் எழுத்து வடிவமாக மாற்று, முன்னால் மேற்கோள் குறி போடு, எக்செல்லையே தொடாதே, புது மாணவருக்கு முதல் நாளே எச்சரிக்கை கொடு. நான் ஒருத்தி ஒழுங்காக இருந்தால் என் கோப்பு தப்பிக்கும், ஆனால் என் கூட்டாளி அனுப்பும் கோப்பு தப்பிக்காது.

மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் பெற்ற குழு ஒன்று இருக்கிறது, ஹ்யூகோ மரபணுப் பெயரிடல் குழு. அவர்கள் பெயர்களையே மாற்றினார்கள். செப்ட்1 செப்டின்1 ஆனது, மார்ச்1 மார்ச்எஃப்1 ஆனது. 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தரவைக் கையாளும்போது இடறும் பெயர்களை மாற்றலாம் என்பதையும் விதியாகவே சேர்த்தார்கள். அது ஆளுகை. நான் எத்தனை ஒழுங்காக இருந்தாலும் அந்த முடிவை நான் எடுக்க முடியாது. (எக்செல்காரர்கள் தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை 2023-ல் கொடுத்தார்கள். பெயர்கள் திரும்பப் பழையபடி ஆகவில்லை.)

#14 தூண்டில்

மனிதர்கள் ஒரு மென்பொருளுக்குப் பயந்து மரபணுவின் பெயரை மாற்றினார்களா! இதைப் பெருமை என்பதா வெட்கம் என்பதா?

#15 ஆய்வகத்து_எலி

இரண்டும். ஆனால் என் கோப்புகள் இப்போது உடையவில்லை.

#16 வெற்றுப்புலம்

எல்லோருக்கும் நன்றி. வித்தியாசம் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். இப்போது நடைமுறைக் கேள்வி. அட்டவணை மென்பொருளை நிறுவியாகிவிட்டது. எங்கள் தரவுக் கிடங்கில் உள்ள எல்லா டேபிளையும் அதுவே தேடி எடுத்து வரிசையாகக் காட்டுகிறது. டேபிளின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் நேராக "விளக்கம்", "உரிமையாளர்" என்று இரண்டு காலிக் கட்டங்கள். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நிரப்பி முடித்தால் ஆளுகை வந்துவிடும் என்று மேலிடம் நம்புகிறது. எங்கே தொடங்குவது?

#17 ஆந்தை

நிரப்பாதீர்கள்! உங்கள் குழு உட்கார்ந்து எல்லா விளக்கத்தையும் எழுதினால், அது உங்கள் குழுவின் ஊகமாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் பாதி பழசாகிவிடும், மீதியை யாரும் நம்பமாட்டார்கள். "உரிமையாளர்" கட்டத்தில் உங்கள் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள், பின்னால் எல்லாத் தொலைபேசியும் உங்களுக்கே வரும்.

பொதுவாக மூன்று பொறுப்புகளைப் பிரிப்பார்கள். உரிமையாளர் என்பவர் தொழில் பக்கத்தில் இருக்கும் மேல்நிலை ஆள், முடிவு அவருடையது, கெட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பொறுப்பாளர் அந்தத் துறையிலேயே அன்றாடம் தரவோடு புழங்குகிறவர், விளக்கம் எழுதுவது, பிழை வந்தால் துரத்துவது, உரிமையாளரிடம் கொண்டுபோவது அவர் வேலை. காப்பாளர் நீங்கள், அதாவது சர்வரையும் டேபிளையும் அனுமதியையும் சொன்னபடி வைத்திருப்பவர். பெரும்பாலும் பொறுப்பாளர் என்ற ஆள் ஏற்கெனவே இருப்பார். "இந்த எண் எங்கிருந்து வருகிறது?" என்று எல்லோரும் போய்க் கேட்கும் ஒருவர் ஒவ்வொரு துறையிலும் உண்டே, அவர்தான். பதவி கொடுக்காமலேயே வேலை வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

தொடங்கும் இடம் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஒரே ஒரு சொல்: "நடப்பு வாடிக்கையாளர்". அடுத்த கூட்டத்தில் "எது சரி" என்று கேட்கவிடாதீர்கள். "இதை யார் தீர்மானிப்பது" என்று கேளுங்கள்.

#18 கணக்குப்பிள்ளை

ஒத்துப்போகிறேன். உரிமையாளர் தொழில் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அழிப்பது.

தனிப்பட்ட தரவைப் பாதுகாக்கும் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் விதிகள் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதன் 17-ஆம் பிரிவின்படி ஒருவர் தன் தனிப்பட்ட தரவை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் நடவடிக்கை எடுக்க வேண்டும். சரி, கேட்டுவிட்டார். இப்போது அவருடைய விலைப்பட்டியல்களை என்ன செய்வது? கணக்குப் பதிவேடுகளை இத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று வேறு சட்டம் சொல்லும். அப்படிச் சட்டக் கடமை இருந்தால் அந்தப் பகுதியை வைத்துக்கொள்ள 17-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. ஆக எதை அழிப்பது, எதை வைப்பது, வைப்பதில் பெயரை மறைப்பதா, விளம்பரப் பட்டியலிலிருந்து எப்போது நீக்குவது என்று வரிசையாக முடிவுகள். இவற்றில் ஒன்றைக்கூடத் தரவுத்தளப் பொறியாளர் எடுக்கக் கூடாது. எடுத்தால், பின்னால் அபராதம் வரும்போது அவர் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

முடிவு வந்த பிறகு அவருடைய வேலை தொடங்குகிறது, அதுவும் லேசானது இல்லை. அந்த ஆள் எத்தனை டேபிளில் இருக்கிறார்? பேக்கப்பில் இருக்கிறாரா? பேக்கப்பிலிருந்து மீட்கும்போது அழித்தவர் உயிர்த்தெழுந்து வந்துவிடாமல் எப்படித் தடுப்பது? போன வருடம் யாரோ தரவிறக்கிய எக்செல்லில் இருக்கிறாரா?

#19 பழைய_சர்வர்

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாதது.

நான் முன்பு இருந்த ஓர் இடத்தின் கதையைச் சொல்கிறேன், ஏன் எனக்கு இந்தக் கசப்பு என்று புரியும். ஆளுகைக் குழு போட்டார்கள், 14 பேர். மாதம் ஒரு கூட்டம். ஒரு வருடம் கழித்து அவர்கள் எட்டிய ஒரே முடிவு, தேதியை எந்த வரிசையில் எழுதுவது என்பது. அதுவும் இரண்டு துறைகள் ஏற்கவில்லை. குழுவில் யாருக்கும் "இதுதான், முடிந்தது" என்று சொல்லும் அதிகாரம் இல்லை, எல்லோரும் பிரதிநிதிகள்.

அதே நேரத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் பலம் காட்டினார்கள்: அணுக்கம். எந்த டேபிளைப் பார்க்க வேண்டுமானாலும் விண்ணப்பம், மூன்று கையெழுத்து, ஆறு வாரம். விளைவு? அனுமதி வைத்திருந்த ஒருவர் மொத்தத்தையும் இறக்கி வாரம்தோறும் எல்லோருக்கும் மெயிலில் அனுப்பத் தொடங்கினார். பாதுகாக்கப் போட்ட வேலியால் தரவு முன்பைவிட அதிக இடங்களில் சிதறியது. என் பார்வையில், அனுமதி தர எத்தனை நாள் ஆகிறது என்பதைத்தான் ஆளுகையின் முதல் அளவுகோலாக வைக்க வேண்டும்.

#20 மூன்றாம்_நிரல்

அதற்குத்தான் இப்போது விதிகளை நிரலாகவே எழுதும் போக்கு வந்திருக்கிறது. டேபிளின் இந்த நெடுவரிசையில் இருப்பது தனிப்பட்ட தகவல் என்று ஒரு குறியீடு போட்டால், அனுமதி இல்லாதவர் பார்க்கும்போது தானாக மறைந்துவிடும். ஆறு வாரமும் இல்லை, மூன்று கையெழுத்தும் இல்லை. ஆனால் குறியீடு போடுவது யார் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

#21 தூண்டில்

நாங்கள் ஐந்தே பேர் உள்ள குழு. எங்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

#22 ஆந்தை

குழுவும் மென்பொருளும் வேண்டாம். ஒரு பக்கம் போதும். நீங்கள் அடிக்கடி வெளியே சொல்லும் எண்கள் என்னென்ன, ஒவ்வொன்றின் பொருள் என்ன, அதை மாற்ற வேண்டும் என்றால் ஐவரில் யார் சம்மதிக்க வேண்டும், வாடிக்கையாளர் தரவை யார் தரவிறக்கலாம். ஐந்து பேருக்குள் பேசினாலே தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆறாவது ஆள் வரும் நாளில் அந்தப் பேச்சு அவருக்குத் தெரிந்திருக்காது.

#23 வெற்றுப்புலம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கூட்டம் நடந்தது.

ஆந்தை சொன்னபடி "யார் தீர்மானிப்பது" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைவர், வெளியே போகும் எந்த எண்ணுக்கும் நிதித் துறைத் தலைவர்தான் பொறுப்பு என்றார். உதவி மையத் தலைவர் கொதித்துவிட்டார். அவர் வாதம் நியாயமானதுதான். இன்று பணம் கட்டாதவரும் நாளை தொலைபேசியில் அழைப்பார், அவரையும் கணக்கில் வைத்துத்தானே ஆட்களை அமர்த்த முடியும்?

கடைசியில் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தோம்: வாங்கிய வாடிக்கையாளர், கட்டிய வாடிக்கையாளர், நுழைந்த வாடிக்கையாளர். "நடப்பு வாடிக்கையாளர்" என்ற சொல்லை எந்த அறிக்கையிலும் தனியாக எழுதக் கூடாது. இயக்குநர் குழுவுக்குப் போவது "கட்டிய" மட்டும். நிதித் துறைத் தலைவர் கையெழுத்திட்டார், தேதியோடு. மொத்தம் 40 நிமிடம்.

அந்த 40 நிமிட முடிவை நிறைவேற்றுவதுதான் இப்போது என் வேலை. பழைய பெயர் அறுபதுக்கும் மேற்பட்ட அறிக்கைகளில் இருக்கிறது. சிலவற்றை எழுதியவர்கள் வேலையை விட்டே போய்விட்டார்கள். இரண்டு மாதமாவது ஆகும். ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருக்கிறது. யாராவது வந்து "ஏன் என் எண் குறைந்தது?" என்று கேட்டால் நான் வாதாட வேண்டியதில்லை, அந்தக் கையெழுத்தைக் காட்டினால் போதும்.

ஒன்று மட்டும் முடியவில்லை. ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்திருந்தால் ஒருவரா இருவரா என்று கேட்டேன். வாடிக்கையாளர் அடையாள எண்ணுக்கு உரிமையாளர் யார் என்பதும் அதோடு சேர்ந்து வந்தது. எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.

#24 பழைய_சர்வர்

40 நிமிடமா! என் 14 பேருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும்.

ஒரு கேள்வி. அந்த மூன்று பெயர்களில் ஒன்று தப்பு என்று உங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு நாளை தோன்றுகிறது என்று வையுங்கள். அவன் எங்கே போய்ச் சொல்வான்?

#25 வெற்றுப்புலம்

என்னிடம் சொல்வான். நான் மெயில் போடுவேன்.

...

சரி, புரிந்தது. முறையான வழி வைக்கவில்லை. அடுத்த கூட்டத்தின் பட்டியலில் இதை முதலாவதாகப் போடுகிறேன், வாடிக்கையாளர் அடையாள எண்ணுக்கும் முன்னால்.